87-ம் 97-ம் சேர்ந்தால் 269 எப்படி வந்தது?

கேள்வி: இந்தியாவின் கோதுமை உற்பத்தி எதனால் வளர்ந்தது என்று ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். 1950-51க்கும் 1970-71க்கும் இடையில் சாகுபடிப் பரப்பு 87 சதவீதமும், மகசூல் 97 சதவீதமும் கூடியிருக்கின்றன. கூட்டினால் 184 வருகிறது. உற்பத்தியோ 269 சதவீதம் வளர்ந்திருக்கிறது. மீதி 85 எங்கே?

பதில்: உங்கள் எண்கள் சரி, கூட்டியதுதான் தவறு. பரப்பை மகசூலால் பெருக்கினால்தான் உற்பத்தி. அதனால் இரண்டும் சேர்ந்து வளரும்போது, கூட்டலுக்குள் அடங்காத ஒரு பங்கு உருவாகும்.

1950-51இல் 97.5 லட்சம் ஹெக்டேர், ஹெக்டேருக்கு 663 கிலோ, மொத்தம் 64.6 லட்சம் டன். 1970-71இல் 182.4 லட்சம் ஹெக்டேர், 1,307 கிலோ, 238.3 லட்சம் டன். ஆகக் கூடியது சுமார் 174 லட்சம் டன். மகசூல் 663 கிலோவிலேயே நின்று பரப்பு மட்டும் விரிந்திருந்தால் 56 லட்சம் டன் கூடியிருக்கும். பழைய பரப்பிலேயே மகசூல் மட்டும் ஏறியிருந்தால் 63 லட்சம். மிச்சம் 55 லட்சம் டன், கூடுதலாக வந்த பரப்பில் கூடுதலாக விளைந்தது. தொடக்கத்தில் இருந்த 64.6 லட்சத்தில் இது 85 சதவீதம். நீங்கள் தேடும் 85 அதுதான்.

அந்த 55 லட்சத்தை அப்படியே மகசூல் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பலர் அப்படிச் செய்து, எல்லாம் புது விதையின் சாதனை என்று முடித்துவிடுகிறார்கள். நான் மடக்கை (லாகரிதம், பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் கணக்கு) வழியைத்தான் சொல்வேன். எத்தனை மடங்கு என்று பாருங்கள்: பரப்பு 1.87, மகசூல் 1.97. இவற்றின் மடக்கைகளைக் கூட்டினால் உற்பத்தியின் மடக்கை கிடைத்துவிடும், மிச்சமே இராது. ஒவ்வொன்றின் மடக்கையையும் உற்பத்தியின் மடக்கையால் வகுத்தால், பரப்பின் பங்கு 48 சதவீதம், மகசூலின் பங்கு 52. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் போட்டுப் பாருங்கள். 2000-01இல் பரப்பு 257.3 லட்சம் ஹெக்டேர், மகசூல் 2,708 கிலோ. இப்போது பரப்பின் பங்கு 32, மகசூலின் பங்கு 68. கட்டுரைக்கு உயிர் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 1964-65இல் 894 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, மறு ஆண்டு வறட்சியில் 723 லட்சமாகச் சரிந்தது. அந்த ஆண்டில் தொடங்கினால் எந்த வளர்ச்சியும் பிரமாதமாகத் தெரியும். மூன்றாண்டு சராசரி எடுப்பது நல்லது.

எல்லாத் தானியங்களையும் சேர்த்துப் பார்ப்பதானால் பயிர் மாற்றம் என்ற மூன்றாவது கணக்கும் வரும். 100 ஹெக்டேரில் பாதி சோளம், ஹெக்டேருக்கு 1 டன். பாதி நெல், 3 டன் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2 டன். சோளம் 30 ஹெக்டேராகச் சுருங்கி நெல் 70 ஆனால் சராசரி 2.4 டன். எந்தப் பயிரின் மகசூலும் ஏறவில்லை, ஆனாலும் சராசரி 20 சதவீதம் ஏறிவிட்டது. இதைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, பரப்பு கூடியது என்றால் புதுநிலம் திருத்தினார்கள் என்று எழுதிவிடக் கூடாது. ஒரே வயலில் இருபோகம் எடுத்தால் புள்ளிவிவரத்தில் இரண்டு தடவை ஏறும். ஒரு ஆழ்துளைக் கிணறு வந்தால் இரண்டாம் போகமும் சாத்தியம், குட்டை ரகத்துக்கு (உயரம் குறைந்த, உரம் போட்டாலும் சாயாத பயிர்) உரம் போட்டு நல்ல மகசூல் எடுப்பதும் சாத்தியம். அதே தண்ணீர் இரண்டு கணக்கிலும் ஒளிந்திருக்கிறது. அதனால் உங்கள் அட்டவணைக்குப் பக்கத்திலேயே பாசனப் பரப்பையும் ஒரு நெடுவரிசையாக வையுங்கள்.