பழைய பிரெயில் கணினியில் இணையம் வரவில்லை: ‘பூட்டைத் திறக்க’ 9,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: நான் பார்வையற்ற பள்ளி ஆசிரியை. அமெரிக்காவில் வசிக்கும் என் சித்தப்பா மகன், அங்கே ஒருவர் பயன்படுத்திய பிரெயில்நோட் ஏபெக்ஸ் கருவியை வாங்கிக் கொடுத்தார். அதில் புள்ளிகள் எழும்பி விரலுக்கு எழுத்தைக் காட்டும் 32 பிரெயில் கட்டங்களும், தட்டச்சு செய்ய ஆறு புள்ளி விசைகளும் உள்ளன. எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் அதில் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. தெரியும் நாளிலும் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது. அதே கடவுச்சொல்லை என் மகன் செல்பேசியில் போட்டால் உடனே இணைகிறது. ஆசிரியர் பயிற்சி நடந்த மையத்திலோ கடவுச்சொல்லே கேட்காமல் ‘இணைந்தது’ என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை. “இது அமெரிக்கக் கருவி, பூட்டிவைத்திருக்கிறார்கள், பூட்டைத் திறந்து புது மென்பொருள் ஏற்ற 9,000 ரூபாய் ஆகும்” என்கிறார் தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர். கொடுக்கலாமா? வீட்டில் விண்டோஸ் மடிக்கணினி ஒன்று உண்டு. அதை என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு பயன்படுத்துகிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். பூட்டு என்பது, ஒரு தொலைபேசி நிறுவனம் தன் சிம் அட்டை மட்டும் வேலை செய்யும்படி செல்பேசியில் போட்டு வைக்கும் தடை. உங்கள் கருவியில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது. இல்லாத பூட்டுக்குச் சாவி விற்க வந்திருக்கிறார். புது மென்பொருள் என்பதும் அதே போன்ற பேச்சுதான். ஏபெக்ஸ் 2009ஆம் ஆண்டு வாக்கில் வந்த கருவி. அது 2006இல் வெளியான விண்டோஸ் சிஇ 6.0 என்ற அமைப்பின் மேல் இயங்குகிறது. அந்த அமைப்புக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2018 ஏப்ரலில் முடிந்துவிட்டது. ஏபெக்ஸின் உற்பத்தியும் எப்போதோ நின்றுபோனது. அதில் இன்றைய ஆண்ட்ராய்டையோ புதிய உலாவியையோ ஏற்றித் தர யாராலும் முடியாது.

முதலில் கடவுச்சொல்லைப் பார்ப்போம். உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. பள்ளியில் நாம் கற்ற பிரெயிலில் எண் எழுத வேண்டுமானால் முதலில் 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகள் சேர்ந்த எண் குறியைப் போட்டு, பிறகு ஏ முதல் ஜே வரையிலான எழுத்துகளை எழுதுவோம். இந்தக் கருவியோ கடவுச்சொல் கேட்கும் இடத்தில் கணினிப் பிரெயிலை மட்டும் எதிர்பார்க்கிறது. அமெரிக்கக் கணினிப் பிரெயிலில் எண் குறி என்பதே கிடையாது. அதே எழுத்து வடிவங்களை ஒரு வரிசை கீழே இறக்கி அடித்தால் அதுவே எண். உங்கள் கடவுச்சொல் 2019 என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பழக்கத்தில் எண் குறி, பி, ஜே, ஏ, ஐ என்று அடித்திருப்பீர்கள். கருவி அதை ஹேஷ் குறியும் நான்கு ஆங்கில எழுத்துகளும் என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்தே ரவுட்டரோடு இணைய முயன்றிருக்கும். ரவுட்டர் தவறு என்று சொன்னதில் வியப்பில்லை. 2019 என்பதற்கு அடிக்க வேண்டியவை: 2, 3 சேர்ந்து ஒரு கட்டம், 3, 5, 6 சேர்ந்து ஒரு கட்டம், புள்ளி 2 மட்டும் ஒரு கட்டம், 3, 5 சேர்ந்து ஒரு கட்டம். எண் குறி வேண்டாம். சுருக்கெழுத்துப் பிரெயிலும் இங்கே செல்லாது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அடிக்க வேண்டும்.

பெரிய எழுத்துக்கு இந்தக் கருவியில் தனிக் கட்டளை இருக்கிறது. அதைத் தேடி மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி, ரவுட்டரின் கடவுச்சொல்லையே சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டும் கொண்டதாக மாற்றிவிடுவது. எட்டு எழுத்து முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் சேர்த்து வைத்தால் இருபது எழுத்துக்கு மேல் வந்துவிடும். எண்ணும் குறியும் இல்லையே என்று பயப்பட வேண்டாம், இந்த நீளமே அதற்குப் போதிய பாதுகாப்பு. வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளிலும் மாற்ற வேண்டியிருக்குமே என்றால், பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர்களுக்கென்று தனி வைஃபை ஒன்றைத் திறக்கும் வசதி இருக்கும். அதற்கு மட்டும் இப்படியொரு கடவுச்சொல்லை வைத்து, இந்தக் கருவியை அதில் சேர்த்துவிடலாம். பழைய கருவியைக் குடும்பத்தின் மற்ற கருவிகளிலிருந்து தள்ளி வைத்ததாகவும் ஆகும்.

அடுத்தது, பெயர் சில நாள் தெரிந்து சில நாள் மறைவது. உங்கள் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸில் வரும் பெயர் எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால் பெயர் ஒரு நாளும் தெரிந்திருக்கக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்குள் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவிகளோ பொதுவாக 11ஆம் சேனலோடு நின்றுவிடும். ரவுட்டரின் சேனல் தேர்வு ‘ஆட்டோ’ என்றிருந்தால், கூட்டம் குறைவான இடம் தேடி அது ஒரு நாள் 6க்கும் மறுநாள் 13க்கும் போகும். 13க்குப் போன நாளில் உங்கள் கருவிக்கு அந்த வீட்டில் வைஃபையே இல்லை. உங்கள் மகனிடம் சொல்லி, ரவுட்டர் அமைப்பில் 2.4க்கான சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைநிறுத்தச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்றிருந்தால் டபிள்யூபிஏ2 என மாற்றச் சொல்லுங்கள். பாதுகாப்பே இல்லாமல் திறந்து வைக்கும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இத்தனையும் செய்து கருவி இணைந்த பிறகும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்றைய இணையதளங்கள் தம் பக்கங்களை ஒரு முத்திரையிட்ட உறையில் வைத்து அனுப்புகின்றன. உங்கள் கருவிக்குத் தெரிந்தது பழைய முத்திரை. பெரிய உலாவிகள் எல்லாம் 2020 வாக்கில் அந்தப் பழைய வகையைக் கைவிட்டன. வங்கி, அரசுத் தளம், செய்தித்தளம் எதுவானாலும் பெரும்பாலும் உங்கள் கருவியோடு பேசவே மறுக்கும். மின்னஞ்சலும் அப்படியே. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை வைத்துப் பழைய செயலிகள் உள்ளே வரும் வழியை கூகுள் 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட தனிச் செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறலாம்தான். ஆனால் இத்தனை பழைய கருவிக்குள் உங்கள் அஞ்சல் பெட்டியைக் கொண்டுபோய் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் கருவி வீணா என்றால், வீணே இல்லை. அதை நேரடியாக இணையத்துக்கு அனுப்பாதீர்கள். இணையத்தை மடிக்கணினி பார்த்துக்கொள்ளட்டும், அதன் திரையில் வருவதை உங்கள் விரலுக்குத் தருவது மட்டும் ஏபெக்ஸின் வேலையாக இருக்கட்டும். கருவியின் பட்டியலில் பிரெயில் டெர்மினல் என்றொரு நிலை இருக்கிறது. அதில் வைத்து யுஎஸ்பி வடத்தாலோ புளூடூத்தாலோ மடிக்கணினியோடு சேர்த்துவிட்டு, என்விடிஏ விசையோடு கன்ட்ரோலையும் ஏ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பிரெயில் காட்சிக் கருவிகளின் பட்டியல் திறக்கும். அதில் ஹியூமன்வேர் பிரெயில்நோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்விடிஏ இந்தக் கருவியை அதிகாரப்பூர்வமாகவே ஆதரிக்கிறது; ஒரு காசும் செலவில்லை. பிரெயில் அமைப்பில் வெளியீட்டு அட்டவணையைத் தமிழ் என்று மாற்றினால், பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயத்திலிருந்து இறக்கிய தமிழ்ப் புத்தகமும் சக ஆசிரியர்கள் அனுப்பும் தமிழ்ச் செய்தியும், இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் அந்த 32 கட்டங்களில் ஓடும். புதிய பிரெயில் காட்சிக் கருவி ஒன்றை இந்த அளவில் வாங்கப் போனால் என்ன விலை சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பயிற்சி மையத்தில் நேர்ந்தது வேறு வகை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிய கருவி வைத்திருப்பவர்களும் இதில்தான் விழுகிறார்கள். கல்லூரி, விடுதி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் வைஃபைக்குக் கடவுச்சொல் இருக்காது. வாசலில் ஒரு நுழைவுப் பக்கம் இருக்கும். அதில் செல்பேசி எண்ணையும், பிறகு ஓடிபியையும் கொடுத்தால்தான் இணையம் திறக்கும். இன்றைய செல்பேசி, வைஃபையில் சேர்ந்ததும் ஒரு சிறு பக்கத்தைத் தானே கேட்டுப் பார்த்து, வேறொன்று வந்தால் ‘உள்நுழைக’ என்று அறிவிக்கும். பழைய கருவி அதைச் செய்யாது; வைஃபை இணைந்துவிட்டது என்ற அளவில் ‘இணைந்தது’ என்று சொல்லி ஓய்ந்துவிடும். நீங்கள் பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான பக்கத்தைக் கேட்டால் நுழைவுப் பக்கமும் வராது, பிழைதான் வரும். எக்ஸாம்பிள் டாட் காம் என்ற தளத்தை, எஸ் எழுத்து இல்லாத எச்டிடிபி முன்னொட்டோடு கேட்டால்தான் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்த்தாலும் படத்திலுள்ள எழுத்தை அடி என்று கேட்டால் அதோடு முடிந்தது.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு வைஃபைக் கருவிக்கும் 12 இடங்கள் கொண்ட ஒரு வன்பொருள் முகவரி உண்டு. 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் அதில் வரும். வீட்டில் கருவி ஒருமுறை இணைந்தபின், ரவுட்டரின் இணைந்த கருவிகள் பட்டியலில் உங்கள் மகன் அதை எடுத்துக் கொடுப்பார். அதை எழுதி மையத்தின் கணினிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, இந்த முகவரியை நுழைவுப் பக்கம் இல்லாமல் அனுமதியுங்கள் என்று கேளுங்கள். அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பின்வந்த பதிப்புள்ள புதிய பிரெயில் கணினியாக இருந்தால் மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். அவை ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டும். அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய்த் தனியுரிமை என்ற இடத்தில் ‘கருவியின் முகவரியைப் பயன்படுத்து’ என்று மாற்றாவிட்டால், பதிவு செய்த முகவரி ஒன்றும் கருவி காட்டுவது இன்னொன்றுமாகி, பொறுப்பாளர் உங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்வார். பொறுப்பாளரே கிடைக்கவில்லையென்றால் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துகொள்ளுங்கள். அதிலும் அலைவரிசை 2.4 ஆக இருக்க வேண்டும். ஐபோனில் ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பொத்தான் அதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. மின்னணுத் தகவல்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று அதன் 42ஆம் பிரிவு சொல்கிறது. இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் பார்வையற்றோர் படும் பாட்டை வைத்து வந்த வழக்கில், எண்ணியல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. இருந்தும் ஓர் அரசு மையத்தின் வாசல் பக்கத்தில் பெயரிடப்படாத பொத்தான்களும் படத்தில் மறைத்த எழுத்துகளும் அப்படியே நிற்கின்றன. ஓடிபியைச் செல்பேசி வாசித்து முடித்து, நாம் விரலால் அடிக்கத் தொடங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்கிறது பக்கம். அந்த நேரக் கணக்கைப் போட்டவர் ஒருமுறையாவது கண்ணை மூடிக்கொண்டு அதை நிரப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தக் குறைதான் இடைத்தரகர்களுக்குப் பிழைப்பு. ஓடிபியை நான் அடித்துத் தருகிறேன் என்று செல்பேசியைக் கையில் வாங்குவார்கள், கொடுக்காதீர்கள். தொலைவிலிருந்து சரிசெய்கிறேன், கணினியை எனக்குத் திறந்துவிடுங்கள் என்பார்கள். என்விடிஏவின் 2025.1 பதிப்பிலேயே தொலைநிலை அணுகல் வசதி உண்டு. அதன் சாவிச்சொல்லை நேரில் அறிந்தவர் தவிர வேறு யாருக்கும் தராதீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் இப்படித் திறந்துவிட்டு, திரையில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்; வங்கிக் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ‘அடிப்’ (ADIP) திட்டத்தில் புதுக் கருவி வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, ஆதார் நகலும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்பவர்கள் தனிக் கூட்டம். அந்தத் திட்டத்துக்குத் தரகர் தேவையில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், அலைய வைத்தாலும் அங்கேயே கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வீட்டு வைஃபையின் பெயர் வராவிட்டால், கருவியிலுள்ள நெட்வொர்க் வடத் துளையில் ரவுட்டரிலிருந்து ஒரு வடத்தைச் செருகிப் பாருங்கள். வடத்தில் இணைந்து வைஃபையில் இணையாவிட்டால் மட்டும், உள்ளே வைஃபைப் பகுதி பழுது என்று கொண்டு ஒருவரிடம் காட்டலாம். காட்டும் முன் உங்கள் குறிப்புகளை எஸ்டி அட்டைக்கு நகலெடுத்து அட்டையை வெளியே எடுத்துவிட்டு, வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கருவியிலிருந்து அழித்துவிட்டு, எதைச் சரிசெய்யப் போகிறார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.