படிவத்தை யார் வாங்கினார்கள்? வளரிளம் பருவ நலம்: கேள்வி-பதில்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று வந்திருக்கும் கடிதங்களே சொல்கின்றன. பாதிக்கு மேல் நர்சிங், பொது சுகாதார மாணவர்கள். மீதி ஆசிரியர்கள், பெற்றோர். எக்செல் கோப்பை அப்படியே அனுப்பி "பார்த்துச் சொல்லுங்க சார்" என்றவர்களுக்கு இங்கே பதில் இல்லை. பிள்ளைகளின் பெயரோடு கோப்பு அனுப்பியவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: அதை இன்றே அழித்துவிடுங்கள்.

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் உணவு, உடற்பயிற்சி, புகையிலைப் பழக்கம் பற்றி ஆய்வு செய்கிறேன். கேள்விகளை நானே தயாரிக்கலாமா? (எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, சேலம்)

வேண்டாம். 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஒரு கேள்விப்படிவம் வைத்திருக்கிறது. ஜி.எஸ்.எச்.எஸ். என்பார்கள். உணவு, உடலுழைப்பு, புகையிலை, மது, மனநலம் எல்லாம் தனித்தனிப் பகுதிகள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதையே பயன்படுத்தினால்தான் உங்கள் எண்ணை வேறு ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடியும். தமிழில் பெயர்த்ததும், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு 20, 30 பிள்ளைகளிடம் ஒத்திகை பாருங்கள்.

உணவுப் பகுதிக்கு மட்டும் உள்ளூர்ப் பட்டியல் வேண்டும். "நொறுக்குத் தீனி சாப்பிடுவாயா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்று எழுதுவார்கள். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட், முட்டை பப்ஸ், பாட்டில் குளிர்பானம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்?" என்று கேளுங்கள், "வழக்கமாக" என்று கேட்டால் ஆளுக்கொரு வழக்கம் வரும்.

சாம்பிள் சைஸ் எத்தனை வைத்தால் ஒத்துக்கொள்வார்கள்? அவசரம். (பெயர், ஊர், தலைப்பு எதுவும் இல்லை)

எதை அளக்கப்போகிறீர்கள், ஒரு பள்ளியிலா மாவட்டம் முழுக்கவா, என்று ஒன்றையும் சொல்லவில்லை. அளவு சொல்லாமல் தையல்காரரிடம் சட்டை கேட்கிறீர்கள். பொதுவாக, ஒரு பழக்கம் பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று வைத்து, ஐந்து சதவீதம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்றால் 400 பேர் வேண்டும். பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றிலிருந்து பிள்ளைகளை எடுத்தால் அதை ஒன்றரை, இரண்டு மடங்காக்குங்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரைப்போல ஒருவர் இருப்பார்கள். ஒத்துக்கொள்வார்களா என்பதை உங்கள் கைடிடம் கேளுங்கள்.

வளரிளம் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஓரிடத்தில் படித்தேன், 40 என்று இன்னோரிடத்தில். எது சரி? (அறிவியல் ஆசிரியை, விருத்தாசலம்)

இரண்டும் நாடு தழுவிய கணக்குதான். 59 என்பது தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21); 15 முதல் 19 வயதுப் பெண்கள். 40 என்பது 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு. 10 முதல் 19 வயதுப் பெண்கள். வயது வேறு. அதைவிட முக்கியம், ரத்தம் எடுத்த விதம் வேறு. முதலாவதில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு. இரண்டாவதில் ரத்தக்குழாயில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விரலைப் பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்து அளவு தடுமாறும். அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து "பத்தொன்பது சதவீதம் கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் சொல்வதுதான்: எண்ணைச் சொல்லும் முன் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள்.

அப்புறம், முதலில் சொன்ன குடும்பநல ஆய்வில் அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதைப் பற்றி ஒருவரும் எனக்கு எழுதுவதில்லை.

எங்கள் பள்ளியில் 300 மாணவர்களிடம் புகையிலை பற்றி வகுப்பாசிரியர்கள் மூலம் படிவம் கொடுத்து வாங்கினோம். இரண்டே பேர்தான் 'ஆம்' என்றார்கள். புகையிலை இல்லாப் பள்ளி என்று பலகை வைக்கலாமா? (தலைமையாசிரியர், பெயர் வேண்டாம் என்கிறார்)

ஐயா, பலகை தாராளமாக வையுங்கள். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் இந்த இரண்டு பேர் கணக்கை அதற்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள். 'ஆம்' என்று எழுதிய அந்த இரண்டு பேரை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன். அவர்கள் யாரென்று இதற்குள் தேடியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2019இல் நாடு முழுக்க 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். அதற்காக 300இல் இரண்டு என்றால் நம்பிவிட முடியுமா? உங்கள் பிள்ளைகள் தங்கமாகவே இருக்கலாம். அதை இந்தப் படிவம் காட்டாது.

மதிப்பெண் போடுகிற கை, பெற்றோரைக் கூப்பிட்டனுப்புகிற கை. அதே கையில் "நான் ஹான்ஸ் போடுகிறேன்" என்று எழுதிக் கொடுக்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? ஒரு பள்ளியில் நானே பார்த்திருக்கிறேன். விளையாட்டு ஆசிரியர் பிரம்பும் கையுமாக வரிசைக்கு நடுவே உலாத்துகிறார். மேசைமேல் புகையிலைப் படிவம். வாங்கிப் பார்த்தால், ஒரு பெஞ்சில் இருந்த நாலு பேரும் இருபத்தைந்து கேள்விக்கும் ஒரே கட்டத்தில் டிக். மை மட்டும்தான் வேறு. படிவத்தின் தலையில் 'வரிசை எண்' என்று ஒரு கோடு. பெயர் கேட்கவில்லையே என்றார் பொறுப்பாசிரியர். வரிசை எண் போட்டால் பெயர் எதற்கு?

1998இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் நடத்திய ஒரு சோதனை வெளிவந்தது. ஒரே கேள்விகள்தான். ஒரு பகுதியினர் காகிதத்தில் எழுதினார்கள். மற்றவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள்வியைக் கேட்டு, கணினியில் தாங்களே அழுத்தினார்கள். ஆண்களோடு உறவு கொண்டதுண்டா என்ற கேள்விக்குக் காகிதத்தில் 'ஆம்' ஒன்றரை சதவீதம், கணினியில் ஐந்தரை. போதைப்பொருள், ஆயுதம் பற்றிய கேள்விகளிலும் இப்படித்தான் கூடியது. இத்தனைக்கும் காகிதத்தில் எழுதியவர்களும் தாங்களேதான் எழுதினார்கள்; பிரம்போடு யாரும் நிற்கவில்லை.

திரும்பச் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். படிவத்தை வெளியாட்கள் கொடுக்கட்டும், வெளியாட்கள் வாங்கட்டும். ஆசிரியர்கள் வராந்தாவில்கூட வேண்டாம், ஓய்வறையில் டீ குடிக்கட்டும். பெஞ்சுக்கு இருவர், நடுவே இடைவெளி. பெயர், வரிசை எண், பிறந்த தேதி எதுவும் கூடாது. மடித்து உறையில் போட்டு ஒட்டி, பிள்ளையே பெட்டியில் போடட்டும். "பீடி, சிகரெட் பிடிப்பாயா?" என்று மட்டும் கேட்டால் ஹான்ஸ் மாதிரி உதட்டுக்கு அடியில் ஒதுக்குகிற சின்னப் பொட்டலம் கணக்கில் வராமலே போகும், அதையும் தனியாகக் கேளுங்கள். அன்று வராத பிள்ளைகளையும் மறக்காதீர்கள். அடிக்கடி மட்டம் போடுகிறவர்களிடமும், படிப்பை நிறுத்தி ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர்களிடமும்தான் இந்தப் பழக்கம் கூடுதலாக இருக்கும். வகுப்பறைக்குள் எடுக்கிற எந்தக் கணக்கும் அவர்களைத் தொடாது.

மகனுக்கு 14 வயது. ஞாயிறு தோறும் மூன்று மணி நேரம் கிரிக்கெட். போதுமா? (தந்தை, திருநெல்வேலி)

போதாது. வாரம் முழுக்கக் கணக்கிட்டால் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் வேண்டும், மூச்சு வாங்குகிற அளவுக்கு. அதாவது வாரத்துக்கு ஏழு மணி நேரம். மூன்று மணி கிரிக்கெட்டில் அவன் ஓடியது எவ்வளவு, ஃபீல்டிங்கில் நின்றது எவ்வளவு என்று ஒருநாள் பாருங்கள். உங்கள் மகன் மட்டுமில்லை; 2016 நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நாலு பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டே கிலோமீட்டர். வளரிளம் பருவத்தினருக்குத் தனி கிளினிக்கும் உண்டு. வாரத்துக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம். விழிப்புணர்வு இல்லையா? (கிராம சுகாதாரச் செவிலியர்)

விழிப்புணர்வு மேல் பழி போடுவது சுலபம். இத்தகைய கிளினிக்குகள் 2014இல் வந்த தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ் நடப்பவை, நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தூரம் ஒன்றுதானா தடை? பெஞ்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1981இலேயே ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள்: சேவை இருக்கிறதா, போய்ச் சேர முடிகிறதா, நேரமும் ஏற்பாடும் ஒத்துவருகிறதா, செலவு தாங்குமா, மனசு ஒப்புகிறதா. உங்கள் ஊரில் முதல் இரண்டும் நாலாவதும் சரி. மூன்றாவதும் ஐந்தாவதும்தான் இடிக்கிறது. ஓ.பி. நடக்கும்போது பிள்ளை பள்ளியில் இருக்கிறது. மாதவிடாய் வலிக்காக வருகிற பெண் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறாள், முன்னால் சித்தப்பா, பின்னால் பக்கத்து வீட்டு அக்கா. "என்னம்மா, உனக்கு என்ன?" என்று ஊருக்கே கேட்கும்படி ஒரு குரல். அடுத்த வாரம் அவள் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்வாள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் கருவுற்று வந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே வராமல் வேறெங்கோ போய்விடுகின்றன. அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்கான அந்தத் தகவலில் அவள் பெயரை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை உங்கள் மருத்துவ அலுவலரிடம் பேசி வையுங்கள்.

இப்போதைக்கு நாலு மணிக்கு மேல் ஒரு நாள், சனிக்கிழமை ஒரு நாள் முயன்று பாருங்கள். சீட்டு உள்ளேயே போடுங்கள். மூடுகிற கதவு ஒன்று இருக்கட்டும்.

பெற்றோர் ஒப்புதல் சீட்டு திரும்பி வரவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்துப் போதுமா? (பொது சுகாதார மாணவர், கோவை)

போதாது. அவர் தருவது பள்ளிக்குள் நுழைய அனுமதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், 12 வயது தாண்டிய பிள்ளையின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். விலக்குத் தர நெறிமுறைக் குழுவால்தான் முடியும். பெற்றோர் கூட்டத்தன்று போய் நேரில் வாங்குங்கள்.

வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் தருகிறார்கள். வயிறு வலிக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்கிறாள் மகள். நிறுத்திவிடலாமா? (தாய், தேனி)

கறுப்பாகப் போவது இயல்பு. வெறும் வயிற்றில் போட்டால் வலிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், உடனே டீ வேண்டாம். அதற்குப் பிறகும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று: பதிவேட்டில் நூற்றுக்கு நூறு போடும் முன் குழாயடியைப் போய்ப் பாருங்கள், நீல மாத்திரை கிடக்கும். கொடுத்த கணக்கு வேறு, விழுங்கிய கணக்கு வேறு. எண்ணைச் சொல்லும் முன் எப்படி அளந்தீர்கள் என்று அங்கேயும் கேட்பேன்.

செல்போனால் 90% மாணவர்களுக்குத் தூக்கம் கெடுகிறதாமே? (வாட்ஸ்அப் படத்துடன்)

யார், எங்கே, எத்தனை பேரிடம், எப்போது எடுத்தார்கள்? படத்தில் எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்டுவிட்டு ஒன்றால்தான் மற்றொன்று என்று சொல்லவும் முடியாது. 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இரவு ஒன்பது வரை டியூஷன், காலை ஏழுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றால், போனே இல்லாத வீட்டிலும் அது கிடைக்காது.

பெயரில்லாப் படிவத்தில் ஒரு பிள்ளை தற்கொலை எண்ணம் இருப்பதாக டிக் செய்திருக்கிறது. யாரென்று தெரியவில்லை. என்ன செய்வது? (உளவியல் ஆய்வு மாணவி, மதுரை)

கையெழுத்தைப் பார்த்துத் தேடாதீர்கள். ஆசிரியரிடம் படிவத்தைக் காட்டாதீர்கள். பள்ளியில் சொல்லி, தாமதிக்காமல் எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாகப் பேச ஒரு ஆலோசகரை வரவழையுங்கள். தொடர்ந்து சில நாட்கள் அவர் தனி அறையில் இருக்கட்டும். யார் வந்தாலும் காரணம் கேட்காமல் வகுப்பிலிருந்து விட வேண்டும். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் சீட்டில் அச்சடித்து ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுங்கள், அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால் போதாது. இந்தக் கேள்வி படிவத்தில் இருக்கும் என்று முன்பே தெரியும்தானே? அடுத்த பள்ளிக்குப் போகும் முன் ஆலோசகரையும் அறையையும் உறுதி செய்துவிட்டுப் படிவத்தை எடுங்கள்.