கேள்வி என்றாலே குரலை ஏற்ற வேண்டியதில்லை

ஆங்கிலத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் கடைசியில் குரலை ஏற்றுகிறீர்கள், எதிரில் இருப்பவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். காரணம் அந்த ஏற்றம்தான் என்று நினைக்கிறேன்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குக் குரல் பெரும்பாலும் ஏறும்: "ஆர் யூ ரெடி?" வாட், வேர், வென் என்று தொடங்கினால் பொதுவாக இறங்கும். "வேர் டஸ் ஷி வொர்க்?" என்பதில் 'வொர்க்' மேலிருந்து கீழே வழுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் ஊரைச் சொன்ன பிறகு, 'வேர்' என்பதை அழுத்திக் குரலை ஏற்றினால், "எங்கே என்றீர்கள், சரியாகக் கேட்கவில்லை" என்று பொருள். உங்களுக்கு நடப்பது இதுதான்.

"டுடே ஆர் டுமாரோ?" என்றால் முதலாவதில் ஏற்றம், இரண்டாவதில் இறக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது "இட்ஸ் லேட், இஸின்ட் இட்?" கடைசியில் இறக்கினால் "நேரமாகிவிட்டதல்லவா" என்று ஒப்புதல் தேடுகிறோம். ஏற்றினால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறோம்.

தமிழில் 'வந்தானா' என்பதில் அந்த 'ஆ' ஒலியே கேள்வியைக் காட்டிவிடும். அதனால் இந்த வேறுபாடு நம் காதில் விழப் பழக்கம் தேவை. 'வேர்' கேள்வியை இரண்டு விதமாகவும் சொல்லி, போனில் பதிவு செய்து கேளுங்கள்.