சீலியாக் நோய் உள்ளவர் எடைக்குறைப்பு அட்டவணையைப் பின்பற்ற முடியுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உறுதியானதும் கோதுமையை அடியோடு விட்டீர்கள், வயிற்றுத் தொல்லை தீர்ந்தது, ஆனால் எடை கூடிவிட்டது. இப்போது ஒரு எடைக்குறைப்பு மையத்தில் 1,400 கலோரிக்கு அச்சிட்ட அட்டவணை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் காலைக்குக் கோதுமை ரவை உப்புமா, இரவுக்கு இரண்டு சப்பாத்தி. குளூட்டன் இல்லாமல் இதைப் பின்பற்ற வழியுண்டா என்று கேட்கிறீர்கள்.

வழியுண்டு. நானும் இதே நோயுடன், இதே போன்ற ஓர் அட்டவணையை மாற்றி அமைத்துக்கொண்டுதான் எடையைக் குறைத்தேன்.

எடை கூடியதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நோய் இருந்த காலத்தில் சிறுகுடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் சிதைந்திருந்ததால், உண்டதில் ஒரு பகுதி உடலில் சேராமலே போயிருக்கும். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றையும் நிறுத்தியபின் அவை மெல்ல மீண்டும் வளர்கின்றன; அதனால் முன்பு உண்ட அதே அளவு சாப்பாடு இப்போது முழுமையாக உடலில் சேர்கிறது. குளூட்டனை விடுவது குடலுக்கான மருத்துவம். அதுவே எடையைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

நீங்கள் இரண்டு விதிகளுக்கு உட்பட்டு உண்ண வேண்டியிருக்கிறது. அவ்விரண்டும் வெவ்வேறு இயல்புடையவை. கலோரி விதி முழுக்க முழுக்க அளவைப் பற்றியது: இன்று கொஞ்சம் கூடினால் நாளை கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். குளூட்டன் விதியில் அளவுக்கே இடமில்லை. பல அட்டவணைகளில் வாரம் ஒருநாள் விருப்பம்போல் உண்ணலாம் என்று ஒரு சலுகை இருக்கும். அந்தச் சலுகை உங்களுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சாதத்தையோ ஒரு துண்டு கடலை மிட்டாயையோ தரலாம்; ஒருபோதும் பரோட்டாவைத் தராது. எடை சற்றும் கூடாவிட்டாலும், அந்த ஒரு பரோட்டா குடலைத் தாக்கும்.

இனி அட்டவணைக்கு வருவோம். சப்பாத்தி அதில் ஏன் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரில் எடைக்குறைப்பு என்றாலே இரவில் சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், 100 கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 350 கலோரியும், அதே எடைக் கோதுமை மாவில் 320 முதல் 340 கலோரியும் இருப்பதால், கலோரியில் பெரிய வேறுபாடு கிடையாது. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிட முடிகிறது, அதில் நார்ச்சத்தும் புரதமும் கூடுதலாக உள்ளன என்பவையே அதன் பயன். ஆகவே அதற்கு மாற்றாக வருவதும் அளந்து உண்ணக்கூடியதாகவும், நார்ச்சத்தும் புரதமும் உடையதாகவும் இருக்க வேண்டும்.

இரண்டு சப்பாத்திக்குச் சுமார் 60 கிராம் மாவு பிடிக்கும்; அதில் ஏறக்குறைய 200 கலோரி, 6 கிராம் புரதம், 6 முதல் 7 கிராம் நார்ச்சத்து. அதன் இடத்தில் 60 கிராம் பச்சரிசியைச் சமைத்தால் கலோரி ஏறக்குறைய ஒத்துப்போகும்; ஆனால் நார்ச்சத்து 2 கிராமுக்கும் குறைந்துவிடும், இரவு பத்து மணிக்கெல்லாம் பசி எடுக்கும். 60 கிராம் கம்பை எடுத்துக்கொண்டால் மூன்று கணக்கும் கோதுமையோடு ஏறத்தாழப் பொருந்தும். சோளமும் அதற்கு அருகில் வரும். கேழ்வரகில் புரதம் சற்றுக் குறைவென்றாலும் நார்ச்சத்து கோதுமைக்கு இணையானது. 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியமும் உண்டு. சீலியாக் நோயால் எலும்பு வலுவிழந்தவர்களுக்கு அது பெரிய உதவி. கேழ்வரகில் குறையும் புரதத்தை ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ ஒரு முட்டையோ ஈடுகட்டிவிடும். அதற்குரிய கலோரியை மட்டும் அட்டவணையின் வேறோர் இடத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் கம்பையும் உளுந்தையும் நான்குக்கு ஒன்று என்ற அளவில் ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்துத் தோசை வார்க்கிறோம். தோசையில் கணக்குத் தவறுவது பெரும்பாலும் எண்ணெயில்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. தோசைக்கு ஒன்று என்று ஊற்றினால் மூன்று தோசைக்கே ஒரு சப்பாத்திக்கும் மேலான கலோரி எண்ணெயிலேயே வந்துவிடும். நன்கு பழகிய இரும்புக்கல்லில் வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே கம்புத் தோசை ஒட்டாமல் எழும். அந்தக் கல்லில் வீட்டில் வேறு யாருக்கும் சப்பாத்தியோ கோதுமைத் தோசையோ போடக்கூடாது. உங்களுக்கென்று தனிக் கல் வைத்துக்கொள்வதே நல்லது.

தானியத்தை ஊறவைத்து அரைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மாவு மில். கேழ்வரகு இயற்கையிலேயே குளூட்டன் அற்றது. ஆனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்றிருந்தால், இயந்திரத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் மாவு உங்கள் தூக்கில் வந்து விழும். முதல் ஒரு படியை ஒதுக்கிவிட்டால் போதும் என்பதை நான் ஏற்பதில்லை. முழுத் தானியமாக வாங்கி, கலந்திருக்கும் கோதுமை மணிகளைப் பொறுக்கி நீக்கி, கழுவி உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது சிரமம்தான். ஆனாலும் அது நம்பகமானது. கடையில் விற்கும் மாவு வேண்டுமென்றால், குளூட்டன் அற்றது என்று அச்சிட்ட பொட்டலத்தை மட்டும் வாங்குங்கள். இந்திய விதிப்படி அப்படிக் குறிப்பிட வேண்டுமானால் அதில் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஓட்ஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அட்டவணையில் ஓட்ஸ் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

குளூட்டன் அற்றது என்ற அந்த முத்திரை கலோரியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தப் பெயரில் வரும் ரொட்டியும் பிஸ்கட்டும் பெரும்பாலும் அரிசி மாவு, மரவள்ளி மாவு, மக்காச்சோள மாவு ஆகியவற்றால் ஆனவை. உதிராமலும் சுவையாகவும் இருக்கக் கொழுப்பும் சர்க்கரையும் கூட்டியிருப்பார்கள். கோதுமையை விட்டபின் இவற்றுக்குப் பழகியிருந்தால், எடை கூடியதில் அவற்றுக்கும் பங்கிருக்கக்கூடும்.

அட்டவணையில் எழுதப்படாத பொருள்களையும் கவனியுங்கள். காய்கறிச் சாம்பார், ரசம், மோர் எல்லாம் எடைக்குறைப்புக்கு மிக ஏற்றவைதான். ஆனால் அவற்றில் விழும் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். அரிசி மாவு சேர்த்த வகையும் கிடைக்கிறது. உணவகத்தில் இட்லி பாதுகாப்பானது என்று நம்பி உண்பவர்களுக்குச் சாம்பார் வழியாகக் குளூட்டன் சேர்வது இப்படித்தான். சத்துமாவு, மால்ட் கலந்த பானங்கள், சோயா சாஸ் ஆகியவற்றின் உட்பொருள் பட்டியலையும் விடாமல் படியுங்கள்.

எடைபார்க்கும் கருவி காட்டும் இறக்கம் நமக்கு எப்போதும் நற்செய்தி ஆகாது. அட்டவணைப்படி மாதம் இரண்டு கிலோ அளவில் சீராகக் குறைந்தால் சரி. திடீரென்று வேகமாகக் குறைந்து, கூடவே வயிற்றுப்போக்கும் களைப்பும் வந்தால், எங்கோ குளூட்டன் நுழைந்திருக்கலாம். மகிழ்ச்சி அடையாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சீலியாக் நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருள் பரிசோதனையையும், இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி அளவுகளையும் அவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சத்துகள் குறைவாக இருக்கும் நிலையில் 1,400 கலோரிக்கும் கீழே யாராவது இறக்கச் சொன்னால், மருத்துவரின் சம்மதமின்றி ஏற்காதீர்கள்.

உங்கள் தங்கையும் உடன்சேர்ந்து கோதுமையை விடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அவரும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். ஆனால் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும், நிறுத்திவிட்டுப் பார்த்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். எனவே பரிசோதனை முடியும்வரை அவர் தன் சப்பாத்தியைத் தொடரட்டும்.