வீட்டு நாயைச் சிகிச்சை அறைக்கு அழைத்துச் செல்லலாமா?

வணக்கம் சகோதரி. ஏழு வயது மகள், விளையாட்டின் வழியே குழந்தையின் மனதுக்கு உதவும் விளையாட்டுச் சிகிச்சை அறையில் வாயே திறப்பதில்லை, வீட்டு லாப்ரடாரிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறாள், அதையே அங்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசனை புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம் நாய் ஜிங்கிள்ஸ் அருகில் இருந்தபோது ஒதுங்கியே இருந்த சிறுவன் இளகியதைக் கண்டு, 1960களிலேயே இதைப் பற்றி எழுதினார்.

ஆனாலும் நாளைக்கே கூட்டிச் செல்லாதீர்கள். ‘உட்கார்’ என்றதும் உட்காருவது வேறு. பழகாத அறையில் பொம்மைகள் பறக்க, குழந்தை திடீரென்று அலற, நிதானமாக இருப்பது வேறு. அதற்கென்று குணம் பார்த்துப் பழக்கிய நாயும், நாயின் உடல்மொழி தெரிந்த சிகிச்சையாளரும் வேண்டும். தூக்கம் இல்லாதபோதும் நாய் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் பெரும்பாலும் சங்கடத்தின் அறிகுறிகள். அப்போது அது விலகிப் போக ஒரு மூலை இருக்க வேண்டும். “அதற்கு இப்போது பிடிக்கவில்லை, விட்டுவிடலாம்” என்று குழந்தை சொல்லப் பழகுவதே, என்னைக் கேட்டால், பாதிச் சிகிச்சை.

உங்கள் சிகிச்சையாளருக்கு இதில் பயிற்சி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நாயின் புகைப்படமும் ஒரு நாய்ப் பொம்மையும் போதும்; அவற்றை வைத்தே அவர் விளையாட்டைத் தொடங்கலாம். வீட்டில் அவள் நாயிடம் பேசுவதை மட்டும் ஒட்டுக்கேட்டு விசாரிக்காதீர்கள்.