முதன்முறையாகப் பழைய கார் வாங்குபவருக்கு ரீஸ்டோர் செய்த செடான் ஏன் நல்லது?

ரீஸ்டோர் செய்த கார் என்றால், துருவை வெட்டி எடுத்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு முடிந்தவரை திருப்பிக் கொண்டுவந்த கார். வெறுமனே பெயின்ட் அடித்தது இந்தக் கணக்கில் சேராது.

செடானைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் எண்ணிக்கை. குடும்பங்களுக்காகத் தயாரித்ததால் இவை ஏராளமாக வந்தன. மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1970-களின் நடுவில் தொடங்கி சுமார் பத்து ஆண்டுகளில், எல்லா வடிவங்களும் சேர்த்து ஏறத்தாழ 27 லட்சம் கார்கள். அதனால் உதிரிபாகம் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். எந்த மாடலானாலும், இரண்டு கதவு கூபே, கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள் வடிவங்களைவிட நான்கு கதவு செடானுக்குப் பொதுவாக விலையும் குறைவு.

பழைய வீடு வாங்குவது போலத்தான் இதுவும். சுவரின் வண்ணத்தைவிட உள்ளே ஓடும் குழாயும் வயரும்தான் முக்கியம். காரில் அந்த இடம் அடிப்பாகம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் நகர்த்திப் பாருங்கள். திடீரென ஒட்டாமல் நழுவினால், அங்கே இரும்புக்கு மேல் புட்டி தடிமனாக அப்பியிருக்கலாம். வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களையும் பில்களையும் கேளுங்கள். அவை இல்லையென்றால் நான் பேரம்கூடப் பேசமாட்டேன்.

ரீஸ்டோர் செய்துவிட்டதால் புது கார் மாதிரி கவலையின்றி ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கார்புரேட்டர் (எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) டியூனிங், பிரேக் சரிசெய்தல் எல்லாம் அந்தக் காலத்து இடைவெளியிலேயே இன்றும் செய்தாக வேண்டும்.