பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் வருவது ஏன்?

மார்பக அழற்சி என்பது பால் குழாய்களைச் சுற்றியுள்ள திசு வீங்கிச் சிவப்பது. வீக்கம் குழாயை வெளியிலிருந்து நெருக்குவதால் பால் தேங்குகிறது. கிருமியும் சேர்ந்தால் சீழ்க்கட்டியாகலாம். ‘பால்கட்டு கரையட்டும்’ என்று பம்ப் வைத்து ஓயாமல் பால் எடுப்பது, சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசல் இருக்கும்போது இன்னும் நூறு வண்டிகளை அனுப்புவது போல. எடுக்க எடுக்கப் பால் ஊறும், நெருக்கம் கூடும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அழுத்தித் தேய்ப்பும் வேண்டாம், திசு இன்னும் புண்படும். துணியில் சுற்றிய ஐஸ், பாரசிட்டமால், குழந்தை கேட்கும் அளவு பால்: முதல் நாளுக்கு இவை போதும்.

24 மணி நேரத்தில் குறையாவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். பெரும்பாலும் பார்த்தும் தொட்டுமே மருத்துவர் கண்டறிந்துவிடுவார். வலிக்கும் கட்டி தனியாகத் தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்; சீழ் தெரிந்தால் ஊசியால் உறிஞ்சி, கிருமிச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஆன்டிபயாட்டிக் முடித்தும் சிவப்பு போகவில்லை, தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிகிறது என்றால் திசுச் சோதனை தேவை. அரிதாக, அழற்சி வகைப் புற்றுநோயும் இதே வேடத்தில் வரும்.

‘பால் கெட்டுவிட்டது, கொடுக்காதே’ என்பார்கள், தவறு. ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு அழற்சியுள்ள பக்கத்துப் பாலையும் கொடுக்கலாம்.